கடைமடையிலிருந்து கணக்கு: தார்ப் பாலைவனத்தை மோட்டார் சைக்கிளில் கடக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மேட்டூர் அணை திறந்த செய்தி வந்ததும், கல்லணையில் எத்தனை கன அடி விட்டார்கள் என்று செய்தித்தாள்கள் எழுதும். ஆனால் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து விவசாயி கேட்பது வேறு. தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்ததா, வந்தபோது வாய்க்காலில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்பதே அவருடைய கேள்வி. வழியில் மணல் குடித்தது, கரை கசிந்தது, இடையில் ஒருவர் மதகைக் கூடுதலாகத் திறந்தது ஆகிய எல்லாவற்றையும் கழித்த பிறகு கடைசி வயலுக்கு எட்டுவதுதான் உண்மையான தண்ணீர். பாலைவனப் பயணத்தையும் இதே முறையில், முடிவிலிருந்து பின்னோக்கித்தான் திட்டமிட வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு கணக்கைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து மூன்று பேர் முதன்முறை ஜெய்சல்மேர் சென்றபோது, டேங்க் நிறையப் பெட்ரோல் இருந்தால் 400 கிலோமீட்டர் ஓடும் என்று தலைமடையிலிருந்து கணக்குப் போட்டோம். மணல் தடங்களில் வண்டி முதல் கியரிலும் இரண்டாம் கியரிலுமே திணறி நகர்ந்ததால் அந்தக் கணக்கு பாதி வழியிலேயே உடைந்தது. எல்லையோர ஊரான லோங்கேவாலாவைத் தாண்டி ஒருவரின் வண்டி நின்றுவிட, பால் ஏற்றிச் சென்ற ஒரு ஜீப்காரர் தம்மிடமிருந்த இரண்டு லிட்டர் பெட்ரோலைக் கொடுத்து அனுப்பினார். அந்த வழியில் அன்று அதற்கு முன் வேறு வண்டி எதையும் நாங்கள் பார்த்திருக்கவில்லை. அதற்குப் பிறகு கணக்கை மாற்றினோம். கீழே வருவது அந்த மாற்றிய கணக்கு.

முதற்படி: காலத்தை முடிவு செய்தல்

தார்ப் பாலைவனத்துக்கு ஏற்ற காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. ராஜஸ்தானின் பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி செல்சியஸ் பதிவானது. ஏப்ரல் முதல் ஜூன் வரை அங்கு 'லூ' என்னும் அனல்காற்றும் 'ஆந்தி' என்னும் புழுதிப்புயலும் வீசும். அந்த மாதங்களில் மணலில் வண்டி ஓட்டுவதை வீரமாக எண்ண வேண்டாம். நம் உடல் அதற்குப் பழக்கப்பட்டதும் அல்ல. டெல்டாவில் இருப்பவர்களுக்கு இந்தக் காலக்கணக்கில் ஒரு நெருக்கடி உண்டு. நவம்பரும் டிசம்பரும் வடகிழக்குப் பருவமழைக் காலம். சம்பாப் பயிர் நிற்கும்போது, எந்த இரவில் எந்த வரப்பு உடையும் என்று தெரியாத நிலையில், வயல் உள்ளவர் வீட்டைவிட்டுப் பதினைந்து நாள் போக முடியாது. ஆகவே பொங்கல் கழித்து, அறுவடையும் நெல் கொள்முதலும் முடிந்து, பிப்ரவரி முதல் பாதியில் புறப்படுவது எல்லா வகையிலும் பொருந்தும். அப்போது பகல் வெயில் தாங்கக் கூடியதாக இருக்கும். இரவுக் குளிரை மட்டும் குறைத்து மதிப்பிட்டுவிடாதீர்கள். மணல் எவ்வளவு விரைவாகச் சூடாகிறதோ அவ்வளவு விரைவாகக் குளிரும். குளிர்கால இரவுகளில் வெப்பநிலை ஒற்றை இலக்கத்துக்கு இறங்குவது அங்கு இயல்பு. மார்கழிப் பனியையே பெரிதாகப் பேசும் நமக்குக் கம்பளி உடையும் தரமான உறக்கப்பையும் கட்டாயம்.

இன்னொரு சிறு வேறுபாட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஜெய்சல்மேர் தஞ்சாவூரைவிட ஏறத்தாழ 8 பாகை தீர்க்கரேகை மேற்கே இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்றால் அரைமணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் வருகிறது. பிப்ரவரியில் அங்கே காலை ஏழு மணிக்கு மேல்தான் பொழுது விடியும். 'ஐந்தரைக்கே கிளம்பிவிடலாம்' என்று ஊரில் போட்ட திட்டம் அங்கே இருட்டில் ஓட்டுவதாக முடியும்.

இரண்டாம் படி: வழியும் அனுமதியும்

முதன்முறை செல்வோருக்கு நான் பரிந்துரைக்கும் வழி ஜெய்சல்மேர், ராம்கர், தனோட், லோங்கேவாலா, மீண்டும் ராம்கர் என்னும் சுற்று. ஜெய்சல்மேரிலிருந்து ராம்கர் ஏறத்தாழ 60 கிலோமீட்டர், அங்கிருந்து தனோட் மேலும் 60, தனோட்டிலிருந்து லோங்கேவாலா 40-க்குச் சற்றுக் குறைவு, லோங்கேவாலாவிலிருந்து ராம்கர் 40-க்குச் சற்று அதிகம். இதன் பெரும்பகுதி தார்ச்சாலைதான். ஆனால் இரு பக்கமும் ஆளரவம் அற்ற மணல்வெளி. 'தாணி' என்று அழைக்கப்படும் சிறு குடியிருப்புகளை இணைக்கும் மணல் தடங்கள் இந்தச் சாலையிலிருந்து பிரிகின்றன. தார்ச்சாலையை முதுகெலும்பாக வைத்துக்கொண்டு, நாளுக்கு 20 அல்லது 30 கிலோமீட்டர் மணல் தடத்துக்குள் சென்று மீண்டும் சாலையைத் தொடும்படி அமைத்தால், பிழை நேர்ந்தாலும் அது திருத்தக் கூடிய பிழையாக இருக்கும். ஒரே மூச்சில் நீண்ட மணற்பரப்பைக் கடப்பதை இரண்டாம், மூன்றாம் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இது பாகிஸ்தான் எல்லைப்பகுதி. 1971 டிசம்பரில் லோங்கேவாலாவில் நடந்த போரை நாம் அறிவோம். தனோட் கோயிலை இன்றும் எல்லைப் பாதுகாப்புப் படையினரே பராமரிக்கிறார்கள். இந்தியக் குடிமக்கள் தனோட்டுக்கும் லோங்கேவாலாவுக்கும் செல்லலாம்; ஆனால் அதைத் தாண்டி எல்லையை நெருங்கும் எந்தத் தடத்துக்கும் அனுமதி தேவை. ஜெய்சல்மேரில் இறங்கிய முதல் நாளே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உங்கள் வழியை வரைபடத்தில் காட்டி, எந்தப் பகுதிக்கு அனுமதி வேண்டும் என்று கேட்டுத் தெளிவு பெறுங்கள். அசல் ஆவணங்களோடு ஆதார் அட்டை, ஓட்டுநர் உரிமம், வண்டிப் பதிவுச் சான்று, காப்பீடு ஆகியவற்றின் நகல்களை மூன்று படிகள் எடுத்துச் செல்லுங்கள்.

மூன்று இடங்களுக்குள் மணல் தடம் தேடிப் போகவே கூடாது. போக்ரானைச் சுற்றியுள்ள இராணுவத் துப்பாக்கிச்சூட்டுப் பயிற்சித்தளம் முதலாவது. வெடிக்காத குண்டு மணலுக்குள் கிடக்கக் கூடிய நிலம் அது. இரண்டாவது, 3,162 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பாலைவனத் தேசியப் பூங்கா. அழிவின் விளிம்பில் நிற்கும் கானமயில் தரையில் முட்டையிடும் பறவை. அதன் புல்வெளியில் ஒரு டயர் தடம்கூட நாம் பதிக்கக் கூடாது. மூன்றாவது, யாருடைய வயலும். இந்திரா காந்திக் கால்வாயின் தண்ணீர் வந்த பிறகு ஜெய்சல்மேர் மாவட்டத்திலும் கடுகும் கடலையும் விளைகின்றன. பஞ்சாபில் சட்லெஜும் பியாசும் கூடும் ஹரிகே அணையில் புறப்பட்டு 600 கிலோமீட்டருக்கு மேல் ஓடி மோகன்கரில் முடியும் கால்வாய் அது. அங்கிருக்கும் விவசாயியும் ஒரு கடைமடைக்காரர்தான். மணல் என்று நினைத்து அவர் விதைத்த நிலத்தில் வண்டியை ஏற்றிவிடாதீர்கள்.

செயற்கைக்கோள் தொலைபேசியைத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் நம் நாட்டில் வைத்திருப்பது குற்றம். செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் சிறு கருவிகளும் இதே சிக்கலில் மாட்டிவிடும். வெளிநாட்டுப் பயணிகளின் பரிந்துரையைப் படித்துவிட்டு அவற்றை வாங்கிச் செல்ல வேண்டாம். ட்ரோனையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

மூன்றாம் படி: வண்டியை அங்கே கொண்டு சேர்த்தல்

தஞ்சைப் பகுதியிலிருந்து சாலை வழியே சென்றால் ஜோத்பூரை அடைவதற்குள் 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியிருப்பீர்கள். டயரின் புதுமையும் உடம்பின் தெம்பும் அங்கேயே குறைந்துவிடும். டெல்டாக்காரர்களுக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. மன்னார்குடியிலிருந்து ஜோத்பூரை ஒட்டிய பகத் கி கோட்டி நிலையத்துக்கு வாரம் ஒரு முறை விரைவு ரயில் ஓடுகிறது. நீங்கள் பயணம் செய்யும் ரயிலிலேயே வண்டியை லக்கேஜாகவோ, தனியாகப் பார்சலாகவோ பதிவு செய்யலாம். எந்த நிலையத்தில் வண்டியை ஏற்ற முடியும், பார்சல் பெட்டியில் இடம் இருக்கிறதா என்பதை ஒரு வாரத்துக்கு முன்பே பார்சல் அலுவலகத்தில் நேரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சிறு நிலையங்களில் ரயில் நிற்கும் நேரம் போதாமல் வண்டி பிளாட்பாரத்திலேயே தங்கிவிடுவது உண்டு. டேங்கில் ஒரு சொட்டுப் பெட்ரோலும் இருக்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி. கண்ணாடிகளைக் கழற்றி, ஹேண்டில் பாரையும் டேங்கையும் சாக்கிலும் பழைய போர்வையிலும் சுற்றிக் கட்டுங்கள்.

ஜோத்பூரிலிருந்து போக்ரான் வழியாக ஜெய்சல்மேர் ஏறத்தாழ 280 கிலோமீட்டர், நல்ல நெடுஞ்சாலை. இந்த நாளைச் சுமையோடு வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்கும் நாளாக வைத்துக்கொள்ளுங்கள். மாடு, ஒட்டகம், நீலான் மூன்றும் சாலையைக் கடக்கும். இருட்டுவதற்குள் ஊர் சேர்ந்துவிட வேண்டும்.

நான்காம் படி: வண்டியைத் தயார் செய்தல்

எந்த வண்டி சிறந்தது என்ற விவாதத்தில் நான் இறங்கப்போவதில்லை. 200 முதல் 450 சிசி வரை, தரையிலிருந்து உயரம் உள்ள, முன்சக்கரம் 21 அங்குலம் உள்ள வண்டி மணலில் எளிதாக இருக்கும். ஆனால் விழுந்தால் தனியாளாகத் தூக்கி நிறுத்த முடிகிற வண்டியே உங்களுக்கு ஏற்ற வண்டி. புறப்படுவதற்கு முன் சுமையோடு அதை வேண்டுமென்றே சாய்த்துப் படுக்கவைத்து, மூன்று முறை தூக்கிப் பாருங்கள். மூன்றாம் முறை மூச்சு வாங்கினால் சுமையைக் குறையுங்கள்.

பாலைவனத்தில் வண்டியைக் கொல்வது மூன்று பொருள்கள்: காற்றுவடிகட்டிக்குள் புகும் தூசு, எரிந்துபோகும் கிளட்ச், அறுந்துபோகும் செயின். நுரையாலான ஏர் ஃபில்டராக இருந்தால் எண்ணெய் தடவிய மாற்று ஒன்றைப் பையில் வைத்து, மணலில் ஓட்டிய ஒவ்வொரு மாலையும் மாற்றுங்கள். காகிதவகையாக இருந்தால் புதிய மாற்று ஒன்று கையில் இருக்கட்டும். செயினுக்குப் பிசுபிசுப்பான கிரீஸ் போடும் நம் ஊர்ப் பழக்கம் மணலில் தீங்கு செய்யும். கிரீஸில் ஒட்டும் மணல் அரம்போலப் பற்சக்கரத்தைத் தின்னும். மணல் நாட்களில் செயினைத் துணியால் துடைத்து ஏறத்தாழ உலர்வாகவே வைத்திருந்து, தார்ச்சாலை திரும்பிய பிறகு எண்ணெய் விடுங்கள்.

மாற்றுப் பொருள்களில் முன்பின் டயர்களுக்கு ஒவ்வொரு ட்யூப், பஞ்சர் ஒட்டும் பெட்டி, டயர் கழற்றும் பட்டைகள், கையால் அடிக்கும் காற்றுப் பம்பு, காற்றழுத்தமானி, கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், கிளட்ச் மற்றும் பிரேக் லீவர், செயின் இணைப்பு, ஸ்பார்க் பிளக், ஃபியூஸ், ஒரு லிட்டர் இன்ஜின் ஆயில், எம்-சீல், கட்டுக்கம்பி ஆகியவை போதும். இவற்றைப் பையில் போடுவதைவிட முக்கியம், பின்சக்கர ட்யூபை நீங்களே ஒரு முறை வீட்டு வாசலில் கழற்றி மாற்றிப் பார்ப்பது. நம் வாய்க்கால் கரைகளைப் பிடித்துக்கொண்ட சீமைக்கருவேலம் அங்கேயும் பரவிக் கிடக்கிறது. அதன் முள் எந்த டயரையும் துளைக்கும் என்பதை டெல்டாவில் சைக்கிள் ஓட்டிய யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மேலும், புறப்படுவதற்கு முதல் நாள் சர்வீஸுக்கு விடாதீர்கள். இருபது நாளுக்கு முன் விட்டு, 500 கிலோமீட்டராவது ஓட்டி, ஒவ்வொரு போல்ட்டையும் உங்கள் கையால் சோதியுங்கள். ஒரு முறை சர்வீஸ் முடித்து வாங்கிய வண்டியில் பின்சக்கர அச்சு நட்டு முறுக்கப்படாமலே இருந்ததை எங்கள் நண்பர் நீடாமங்கலம் தாண்டும்போது கண்டுபிடித்தார். ராம்கர் தாண்டிக் கண்டுபிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறோம்.

பக்கத் தாங்கி மணலில் புதைந்து வண்டி சாயும். உள்ளங்கை அளவுள்ள தட்டையான மரப்பலகை ஒன்றில் துளையிட்டுக் கயிறு கட்டி வைத்துக்கொண்டால் அதன் மேல் தாங்கியை நிறுத்தலாம்.

ஐந்தாம் படி: பெட்ரோல், கடைமடைக் கணக்கு

ஒரு தாளை எடுத்து, அதன் அடியில் முதல் வரியை எழுதுங்கள்: ராம்கருக்குத் திரும்பி வரும்போது டேங்கில் 3 லிட்டர் இருக்க வேண்டும். இது கடைமடை. இதைத் தொடக் கூடாது. இப்போது மேல்நோக்கி வாருங்கள். ராம்கர், தனோட், லோங்கேவாலா, ராம்கர் சுற்று ஏறத்தாழ 140 கிலோமீட்டர். சுமையோடு தார்ச்சாலையில் லிட்டருக்கு 30 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி என்றால் 4.7 லிட்டர். இடையில் போகவர 60 கிலோமீட்டர் மணல் தடம். மணலில் அதே வண்டி லிட்டருக்கு 15 கொடுத்தாலே நல்லது என்று வைத்தால் 4 லிட்டர். மொத்தம் 11.7, ஏறத்தாழ 12 லிட்டர். 15 லிட்டர் டேங்க் உள்ளவர் ராம்கரில் டேங்கை நிரப்பிக்கொண்டு தனிக் கேன் இல்லாமல் போகலாம். 13 லிட்டர் டேங்க் உள்ளவருக்குக் கணக்கு நூலிழையில் நிற்கிறது. அவர் மணல் தூரத்தைக் குறைக்க வேண்டும் அல்லது கசியாத உலோகக் கேனில் 3 லிட்டர் எடுத்துச் செல்ல வேண்டும். தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் எடுத்துச் செல்வது ஆபத்து; தாகத்தில் கை தவறி எடுத்தால் உயிருக்கே கேடு.

ஜெய்சல்மேரில் நிரப்பிவிட்டோம் என்று ராம்கரில் நிறுத்தாமல் போவதே எங்கள் முதல் பயணத்தின் தவறு. ராம்கருக்கு அப்பால் பெட்ரோல் கிடைக்கும் என்று நம்பித் திட்டமிட வேண்டாம். குழுவின் கணக்கு எப்போதும் மிகச் சிறிய டேங்க் உள்ள வண்டியின் கணக்குதான். பின்சக்கரத்தின் சுழற்சியை வைத்துத் தூரம் அளக்கும் வண்டியாக இருந்தால், மணலில் அந்தச் சக்கரம் சுழன்று வழுக்குவதால் மீட்டர் காட்டும் தூரம் உண்மையான தூரத்தைவிடக் கூடுதலாக இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. மணலில் 15 கிலோமீட்டர் போனதும் நின்று, டேங்கில் குறைந்த அளவைப் பார்த்துக் கணக்கைத் திருத்துங்கள். முறைவைத்துத் தண்ணீர் விடும் காலத்தில் மதகில் நின்று அளவு பார்ப்பதுபோல இது வழியெங்கும் செய்ய வேண்டிய வேலை.

ஆறாம் படி: தண்ணீரும் உணவும்

தண்ணீருக்கும் அதே முறை. பிப்ரவரியில் ஒருவருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 6 லிட்டர். அதற்குக் கீழே கடைமடையாக, வண்டி பழுதாகி ஒரு நாள் கூடுதலாகத் தங்க நேர்ந்தால் ஆளுக்கு 4 லிட்டர். மூன்று பேருக்கு 30 லிட்டர், அதாவது வண்டிக்கு 10 கிலோ எடை. இதை ஒரே கேனில் ஊற்றாதீர்கள். ஒரு வீழ்ச்சியில் கேன் கிழிந்தால் எல்லாம் மணலுக்குப் போய்விடும். இரண்டு லிட்டர் பாட்டில்களாகப் பிரித்து, இருபுறப் பைகளிலும் சமமாக, இருக்கைக்குக் கீழான உயரத்தில் கட்டுங்கள். முதுகில் மாட்டும் குழாய் வைத்த தண்ணீர்ப்பை இருந்தால் ஓட்டும்போதே சிறிது சிறிதாகக் குடிக்கலாம். வறண்ட காற்றில் வியர்வை உடனே உலர்ந்துவிடுவதால் எவ்வளவு நீர் இழந்தோம் என்பது நமக்குத் தெரியாது. புழுக்கத்தில் சட்டை நனைந்தால்தான் வியர்வை என்று பழகிய நாம் இதில் எளிதாக ஏமாறுவோம். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல், அரைமணிக்கு ஒரு முறை நான்கு மடக்குக் குடியுங்கள். சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் போதவில்லை என்று பொருள்.

தண்ணீர் மட்டும் போதாது, உப்பும் வேண்டும். நடவு வயலில் உப்புப் போட்ட நீராகாரத்தோடு வெயிலைத் தாங்கிய நம் தாத்தா பாட்டிகளுக்கு இது தெரிந்திருந்தது. ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களை எடுத்துச் செல்லுங்கள். தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்தால் போதும். அளவு மிஞ்சக் கூடாது. உணவைப் பொறுத்தவரை அவல், வெல்லம், பொட்டுக்கடலை, புளிக்காய்ச்சல் ஆகியவை கெடாமலும் எடை குறைவாகவும் இருக்கும். ஊறவைத்த அவலுக்கு அடுப்பே வேண்டாம்.

ஏழாம் படி: மணலில் பழகுதல்

மேலே சொன்ன எல்லாவற்றையும் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். இதை வாங்க முடியாது. குறைந்தது ஐந்து நாளாவது மணலில் பழகாமல் தாருக்குப் போக வேண்டாம். கோடையில் வறண்டு கிடக்கும் கொள்ளிடப் படுகை அகலமான பயிற்சிக்களம். ஆனால் மணல் எடுக்கும் பகுதியையும் எடுத்த குழிகளையும் தவிர்த்து, உள்ளூர்க்காரர்களிடமும் தேவையான இடத்தில் அதிகாரிகளிடமும் கேட்டு, பகலில் மட்டும் பழகுங்கள். கோடியக்கரைக் காப்புக்காடு இதற்கான இடம் அல்ல. அது மான்களுக்கும் பறவைகளுக்கும் உரியது. கொள்ளிடத்தில் இருப்பது பருமணல். தாரில் இருப்பது மாவுபோன்ற நுண்மணல். அதற்கு இன்னும் நெருக்கமானது தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டுச் செம்மணல். வாய்ப்பிருந்தால் அந்தப் பக்கத்தையும் ஒரு முறை பார்த்து வாருங்கள்.

டயரின் காற்றைக் குறைப்பது முதல் பாடம். சாலையில் 25 முதல் 32 பிஎஸ்ஐ வரை வைத்திருப்பதை மணலில் 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால் டயர் அகன்று பரவி, புதையாமல் மிதக்கும். ட்யூப் உள்ள டயரில் 15-க்குக் கீழே போக வேண்டாம். டயர் ரிம்மில் நழுவி, ட்யூபின் வால்வு பிய்ந்துவிடும். தார்ச்சாலையைத் தொட்டவுடன், ஒரு கிலோமீட்டரும் தள்ளிப்போடாமல் மீண்டும் காற்றடிக்க வேண்டும்.

அடுத்தது நிற்கும் நிலை. ஃபுட் ரெஸ்ட்டில் எழுந்து நின்று, முழங்காலால் டேங்கை அணைத்து, எடையைச் சற்றுப் பின்னே வைத்து, கைகளைத் தளர்வாக விடுங்கள். முன்சக்கரம் இப்படியும் அப்படியும் அலையும். அதை அலைய விட வேண்டும். ஹேண்டில் பாரை இறுகப் பிடித்துத் திருத்த முயன்றால்தான் விழுவோம். பரிசல்காரர் சுழலில் துடுப்பைப் பிடிக்கும் பிடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிலரேட்டரைச் சீராகப் பிடித்து, பார்வையைச் சக்கரத்துக்கு முன்னால் வைக்காமல் 20, 30 மீட்டர் தள்ளி வையுங்கள். திரும்ப வேண்டிய பக்கத்து ஃபுட் ரெஸ்ட்டில் எடையை அழுத்தினால் வண்டி திரும்பும். முன் பிரேக்கை மறந்துவிடுங்கள். ஆக்சிலரேட்டரை விட்டாலே மணல் வண்டியை நிறுத்திவிடும்.

மணலை வாசிக்கவும் கற்க வேண்டும். காற்று வீசும் பக்கம் சரிவு மெதுவாகவும் மணல் இறுகியும் இருக்கும். மறுபக்கம் ஏறத்தாழ 34 பாகைச் சரிவில், தொட்டால் சரியும் தளர்மணலாக இருக்கும். ஆகவே எந்த மணற்குன்றின் உச்சியையும் வேகத்தோடு தாண்டாதீர்கள். உச்சிக்குச் சற்று முன்பே நின்று, இறங்கி நடந்து மறுபக்கத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். காலையில் குளிர்ந்த மணல் ஓரளவு இறுகி இருக்கும். நண்பகலில் அது தளர்ந்துவிடும். எருக்கும் புல்லும் வேர்பிடித்த இடத்தில் மணல் உறுதியாக இருக்கும். சிவன் கோயில்களில் தலமரமாக நாம் வணங்கும் வன்னியை அங்கே 'கேஜ்ரி' என்கிறார்கள். அது ராஜஸ்தானின் மாநில மரம். அது வளர்ந்து நிற்கும் இடத்துக்கு அருகே பெரும்பாலும் ஒரு தடமும், தடத்தின் முடிவில் மனிதர்களும் இருப்பார்கள்.

பின்சக்கரம் புதைந்துவிட்டால் ஆக்சிலரேட்டரை முறுக்காதீர்கள். முறுக்கினால் குழி ஆழமாகும், கிளட்ச் எரியும். இன்ஜினை நிறுத்தி, வண்டியை மெல்ல ஒரு பக்கமாகப் படுக்கவைத்து, குழியில் மணலைத் தள்ளி மிதித்து, இறக்கம் உள்ள திசைக்கு வண்டியை இழுத்துத் திருப்பி, பிறகு நிமிர்த்துங்கள். இருவர் சேர்ந்தால் ஐந்து நிமிட வேலை. இதையும் கொள்ளிடத்திலேயே பத்து முறை செய்து பாருங்கள்.

எட்டாம் படி: வழி அறிதல்

கைப்பேசிச் சமிக்ஞை போய்விடும் என்றே வைத்துக்கொண்டு, இணையம் இல்லாமல் இயங்கும் வரைபடத்தை இரண்டு கைப்பேசிகளில் முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். செல்லும் வழியைப் பதிவு செய்யும் வசதியைக் காலையிலேயே இயக்கிவிட்டால், வழி தவறும்போது வந்த தடத்திலேயே திரும்பலாம். தார்ச்சாலையைவிட்டு இறங்கும் இடத்தைக் கட்டாயம் குறித்துவையுங்கள். காந்தத் திசைமானியும் ஒன்று வேண்டும். வண்டியின் இரும்பு அதைத் திருப்பிவிடும் என்பதால் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். இவற்றுக்கெல்லாம் மேலாக, காலையில் தாணியில் இருக்கும் ஒருவரிடம் தடத்தைக் கேளுங்கள். முந்தைய வாரம் இருந்த தடத்தை இந்த வாரக் காற்று மூடியிருக்கலாம் என்பது அவருக்குத்தான் தெரியும். "ராஸ்தா", "பானி", "கித்னா தூர்" என்னும் மூன்று இந்திச் சொற்கள் எங்களுக்கு நெடுந்தூரம் உதவின.

குழுவாக ஓட்டும்போது அனுபவம் மிகுந்தவர் கடைசியில் வர வேண்டும். ஒவ்வொருவரும் தமக்குப் பின்னால் வருபவருக்குப் பொறுப்பு. கண்ணாடியில் அவர் தெரியவில்லை என்றால் நிற்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் வராவிட்டால் திரும்பிப் போக வேண்டும். இருவராக மட்டும் சென்றால் மணல் தடத்தை வெகுவாகக் குறையுங்கள். தனியாகச் செல்பவர் தார்ச்சாலையைவிட்டு இறங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஒன்பதாம் படி: எதிர்பாராதவை

ஒவ்வொரு காலையும் ஒரு தாளில் அன்றைய வழி, திரும்பும் நேரம், எல்லோருடைய இரத்த வகை ஆகியவற்றை எழுதித் தங்கும் விடுதிக்காரரிடம் கொடுத்து, அதன் படத்தை வீட்டுக்கும் அனுப்புங்கள். மாலை ஏழு மணிக்குள் அழைப்பு வராவிட்டால் விடுதிக்காரருக்கு அழைக்க வேண்டும், எட்டு மணிக்கு 112-ஐ அழைக்க வேண்டும் என்பதை வீட்டில் இருப்பவர் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். மன்னார்குடியிலிருந்து 112-ஐ அழைத்தால் தமிழ்நாட்டுக் கட்டுப்பாட்டு அறைக்கே போகும் என்பதால் விடுதிக்காரர் மூலம் அங்கிருந்தே அழைப்பதுதான் விரைவு.

திரும்பும் நேரத்தைப் பிற்பகல் இரண்டு மணி என்று வையுங்கள். எங்கே இருந்தாலும், இன்னும் இரண்டே கிலோமீட்டர் என்றாலும், இரண்டு மணிக்குத் திரும்ப வேண்டும். வண்டி நின்றுவிட்டு உதவியும் எட்டாத நிலை வந்தால், நடந்து போக முயலாதீர்கள். மணலில் நடப்பவரைக் கண்டுபிடிப்பதைவிட வண்டியைக் கண்டுபிடிப்பது எளிது. வண்டியின் நிழலில் அமர்ந்து, பகலில் கண்ணாடியால் வெயிலைத் திருப்பிக் காட்டி, இரவில் விளக்கைச் சிமிட்டிக் காட்டுங்கள். அதற்காகத்தான் அந்த 4 லிட்டர் தண்ணீர்.

ஒருவர் உளற ஆரம்பித்தாலோ தள்ளாடினாலோ அது வெப்பத்தாக்கு. உடனே நிழலில் கிடத்தி, கவச உடைகளைக் கழற்றி, துணியை நனைத்துப் போட்டு விசிறி, உடலைக் குளிர்விப்பதே முதல் வேலை. அதோடு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவும் ஏற்பாடு செய்யுங்கள். நினைவு தெளியாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். மணலில் விழும்போது பெரும்பாலும் அடிபடுவது கணுக்கால். ஆகவே கணுக்காலுக்கு மேல் உயர்ந்த கனமான பூட்ஸ் இல்லாமல் இந்தப் பயணமே வேண்டாம். சுருட்டை விரியன் அங்கே உண்டு. காலையில் பூட்ஸை உதறிவிட்டு அணியுங்கள். கடித்துவிட்டால் கீறவோ உறிஞ்சவோ கட்டி இறுக்கவோ கூடாது. அந்த உறுப்பை அசையாமல் வைத்து, ஜெய்சல்மேர் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். 108 ஆம்புலன்ஸ் சேவை ராஜஸ்தானிலும் உண்டு.

பத்தாம் படி: ராம்கர் திரும்பியதும்

தார்ச்சாலை ஏறியதும் டயருக்குக் காற்று, செயினுக்கு எண்ணெய், ஏர் ஃபில்டர் மாற்றம் ஆகிய மூன்றையும் அன்றே முடியுங்கள். ராம்கர் பெட்ரோல் பங்கில் டேங்கை நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது, தண்ணீரில் எத்தனை பாட்டில் மிஞ்சியது, மணலில் உண்மையில் ஓடியது எத்தனை கிலோமீட்டர் என்பதைத் தாளில் அதே அடிவரிக்குப் பக்கத்தில் எழுதுங்கள். எங்கள் இரண்டாம் பயணத்தில் 15 லிட்டர் டேங்க் உள்ள வண்டி ஒன்று 11 லிட்டர் பிடித்தது. அப்படியானால் உள்ளே 4 லிட்டர் மிச்சம் இருந்திருக்கிறது. மறுநாள் மணல் தடத்தில் கூடுதலாகப் பத்துக் கிலோமீட்டர் உள்ளே போகலாம் என்று அந்தத் தாளைப் பார்த்துத்தான் முடிவு செய்தோம்.